மெகாவாட்டை மட்டும் பார்த்துக் காற்றாலை வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை நிறுவுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். முப்பந்தல், ஆரல்வாய்மொழி, பணகுடி வட்டாரத்துக்கு மிகவும் வேண்டிய பேச்சு இது. ஆனால் கட்டுரை முழுக்க ஒவ்வொரு மிஷினையும் மெகாவாட்டை, அதாவது அது அதிகபட்சம் தரக்கூடிய மின்திறனை வைத்தே எடைபோட்டிருக்கிறது. மில்காரர்களும் நிலம் கொடுப்பவர்களும் கணக்கில் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

நம் ஊரில் அதிகம் தென்படும் சுஸ்லான் நிறுவன மிஷின்களையே எடுத்துக்கொள்வோம். பெயரில் உள்ள எண், சுற்றும் இறக்கை போடும் வட்டத்தின் விட்டம், ஏறக்குறைய மீட்டரில். எஸ்-88, எஸ்-111, எஸ்-120 ஆகிய மூன்றின் தகட்டிலும் 2.1 மெகாவாட் என்றுதான் இருக்கும். காற்றைப் பிடிக்கும் பரப்போ எஸ்-88க்கு 6,082 சதுர மீட்டர், எஸ்-111க்கு சுமார் 9,800, எஸ்-120க்கு 11,310. ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம் உள்ள மிஷின்களை மெகாவாட் என்ற ஒற்றைச் சொல் ஒன்றாக்கிவிடுகிறது.

மூன்றையும் பிரித்துக் காட்டுவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்ற வகுத்தல் கணக்கு. எஸ்-88க்கு 345 வாட், எஸ்-120க்கு 186 வாட். இந்த எண் குறையக் குறைய, மெல்லிய காற்றிலும் மிஷின் நன்றாக ஓடும். நொடிக்கு 6 மீட்டர் காற்றில், காற்றின் ஆற்றலில் நூற்றுக்கு 42 பங்கை இறக்கை பிடிக்கிறது என்று வைத்துக் கணக்கிட்டால், எஸ்-88 தருவது சுமார் 315 கிலோவாட், எஸ்-120 தருவது சுமார் 590. ஆடி மாதக் காற்றில் இரண்டுமே முழுச் சுமையில்தான் நிற்கும். அப்போது பெரிய இறக்கையால் கூடுதல் லாபம் அதிகம் இல்லை. ஐப்பசி முதல் சித்திரை வரைதான் அதன் அருமை தெரியும். ஆண்டு முழுவதும் ஓடும் நூற்பாலைக்கு வேண்டியதும் அந்த மாதங்களின் யூனிட்தான்.

பெரிய இறக்கை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். சர்வதேச வகைப்பாட்டில் முதல் வகுப்பு மிஷின் ஆண்டுச் சராசரியாக நொடிக்கு 10 மீட்டர் காற்றுக்கும், இரண்டாம் வகுப்பு 8.5 மீட்டருக்கும், மூன்றாம் வகுப்பு 7.5 மீட்டருக்கும் வடிவமைக்கப்படுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் வாயிலேயே உள்ள இடத்தில், கொந்தளிப்பான காற்றில், மெல்லிய காற்றுக்கென்று செய்த மிஷினை நிறுத்தினால் இறக்கையின் அடிப்பகுதியும், இறக்கையின் கோணத்தைத் திருப்ப உதவும் பிட்ச் பேரிங்கும் சீக்கிரம் தேயும். எனவே மிஷின் நிற்கப்போகும் உயரத்திலேயே குறைந்தது ஓர் ஆண்டு காற்றை அளந்த பிறகே மாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எட்டுப் பழைய எஸ்-52 மிஷின்களின் மொத்த இறக்கைப் பரப்பும் ஒரேயொரு எஸ்-144 மிஷினின் பரப்பும் ஏறக்குறைய சமம். எட்டும் சேர்ந்தால் 4.8 மெகாவாட், எஸ்-144 அதிகபட்சம் 3.15 மெகாவாட். பக்கவாட்டில் விட்டத்தைப் போல் 5 மடங்கு, காற்றுத் திசையில் 7 மடங்கு இடைவெளி விடுவது வழக்கம். எஸ்-52க்கு இது 260 மீட்டரும் 364 மீட்டரும். எஸ்-144க்கு 720 மீட்டரும் 1 கிலோமீட்டரும். அதனால் இந்த இடைவெளியோடு நிறுத்தினால் ஏக்கருக்கு மெகாவாட் கூடாது, குறையும். யூனிட் கூடுவது கோபுர உயரத்தால்தான். 75 மீட்டரிலிருந்து 140 மீட்டருக்கு ஏறினால் சமவெளியில் காற்றின் வேகம் சுமார் 9 சதவீதம் கூடும். ஆற்றல் வேகத்தின் மும்மடி என்பதால் கிட்டத்தட்ட 30 சதவீதம் ஏறும். இரண்டு மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு தனியாகப் புது மிஷின் போட நினைப்பவர்கள், பக்கத்து நிலத்துக்காரரோடு முதலில் உட்கார்ந்து பேச வேண்டியதும் இவ்வளவு இடைவெளி தேவைப்படுவதால்தான்.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் 95 சதவீத இயக்க உத்தரவாதம் என்று எழுதியிருந்தால் பலரும் திருப்தியோடு கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மீதி 5 சதவீதம் என்பது ஆண்டுக்கு 18 நாள். அந்த 18 நாளும் ஆடியில் வந்தால் என்ன ஆகும்? மே முதல் செப்டம்பர் வரைக்குத் தனி உத்தரவாதமும், யூனிட் கணக்கில் இழப்பீடும் கேட்டு வாங்குங்கள். பழைய மிஷினைக் கழற்றும் முன், யூனிட்டை மின்வாரியத்தில் இருப்பு வைக்கும் வசதி புது மிஷினுக்கு எந்த அளவில் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் பெற்றுவிடுங்கள்.

சீசனுக்கு முந்தைய வேலைகள் ஏப்ரலுக்குள் முடிய வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெயில் மாதிரி எடுப்பது, போல்ட் முறுக்கு பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் நடந்துவிடுகின்றன. தவறிப்போவது இரண்டு. டிஎஃப்ஐஜி வகை ஜெனரேட்டரில், சுற்றும் பாகத்துக்குக் கார்பன் பிரஷ் வழியாக மின்சாரம் கடத்தும் ஸ்லிப் ரிங் வளையங்கள் உள்ள அறையைத் திறந்தால், தேய்ந்த கார்பன் பிரஷ்ஷின் கரித்தூள் மை போலப் படிந்திருக்கும். அதைத் துடைக்காமல் விட்டால் முதல் மழையின் ஈரத்தில் பொறி பறந்து ரிங் கருகிவிடும். மிஷின் நிற்பது சரியாகக் காற்று தொடங்கும் வாரத்தில். இன்னொன்று இறக்கையின் முன்விளிம்பு. நுனி நொடிக்கு 70, 80 மீட்டர் வேகத்தில் மணலையும் மழைத்துளியையும் வெட்டிச் செல்கிறது. நுனிப்பக்க மூன்றில் ஒரு பங்கில் நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டுப்பட்டால் பூச்சு போய்விட்டது; கண்ணாடி இழை வெளியே தெரிவதற்குள் பூசிவிட்டால் சில்லறைச் செலவோடு போகும்.

ஒரு வேண்டுகோள். இனிக் காற்றாலைச் செய்தி வெளியிடும்போது மெகாவாட்டுக்குப் பக்கத்தில் இறக்கை வட்டத்தின் விட்டத்தையும் கோபுர உயரத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். அந்த இரண்டு எண்கள் இருந்தால், படிப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

இப்படிக்கு,
காற்றாலைப் பராமரிப்புப் பொறியாளர்கள் சிலர்,
ஆரல்வாய்மொழி