வரைபட நிரலாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கையின் நகல் அனுப்பப்படும். அவர்களை நினைத்து எழுதிய பத்தியும் இதில் உண்டு.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. புதியவர்களுக்குப் பைதான் நிரல்மொழி வகுப்பு நடந்தது. எல்லோரும் சேர்ந்து வரையும் திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் விடுபட்ட தெருக்களைச் சேர்க்கும் முகாமும் நல்லபடி முடிந்தது.

இனி நம் பெரிய வரைபடம். "இந்த ஒரு வேலையை வைத்தே செயலாளர் ஆண்டை ஓட்டிவிட்டார்" என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

நம் வட்டாரத்தின் கட்டடங்கள், தெருக்கள், மரங்கள் எல்லாவற்றையும் ஒரே இணைய வரைபடத்தில் காட்ட வேண்டும் என்பது சென்ற பொதுக்குழுவின் தீர்மானம். செயற்குழுவில் பெரும்பாலோர் சொன்ன வழியில்தான் முதலில் போனோம்: பைதானின் ஜியோபாண்டாஸ் நிரலகத்தில் வரைபடத் தரவைப் படித்து, அதை இணைய வரைபடமாக்கும் ஃபோலியத்திடம் கொடுத்து, வரும் எச்டிஎம்எல் (இணையப் பக்க) ஃபைலைப் பிரவுசரில் திறப்பது. நாலு வரி நிரல். ஒரு தெருவுக்கு அழகாக வந்தது. முழுத் தரவையும் கொடுத்ததும் பிரவுசர் வெள்ளைத் திரையோடு நின்றுவிட்டது. இது நடக்கும் என்று நான் சொல்லியிருந்தது கூட்டக் குறிப்பில் இருக்கிறது. ஃபோலியம் ஒவ்வொரு கட்டடத்தின் எல்லா மூலைகளையும் எழுத்தாக அந்த ஒரே ஃபைலுக்குள் திணிக்கிறது. அடியில் இருந்து பிரவுசரில் வரைபடத்தைக் காட்டும் லீஃப்லெட் நிரலகம், நாம் வேறு சொல்லாவிட்டால், ஒவ்வொரு வடிவத்துக்கும் பக்கத்தில் தனி எஸ்விஜி (கோட்டுப்பட) உறுப்பை உண்டாக்குகிறது. சில ஆயிரம் என்றால் ஓடும். லட்சக்கணக்கில் போனால் படுத்துவிடும். எல்லா வடிவங்களையும் ஒரே படப்பரப்பில் தீட்டும் கேன்வாஸுக்கு மாற்றலாமே என்றார் ஒருவர். சரி, வரைவது வேகமாகும். தரவு முழுவதும் முதலில் இறங்கித்தானே ஆக வேண்டும்?

ஆகவே பார்ப்பவர் திரையில் இருப்பதை மட்டும் அனுப்ப வேண்டும். அதற்கு வரைபடத்தை டைல் எனப்படும் சதுரத் துண்டுகளாக வெட்ட வேண்டும். மிகத் தூரப் பார்வையான ஜூம் 0-இல் உலகம் முழுவதும் ஒரே டைல். ஜூம் ஒன்று ஏறும்போதெல்லாம் ஒவ்வொரு டைலும் நாலாகப் பிரியும். ஜூம் 10-இல் 10,48,576 டைல்கள். திரைக்குத் தேவைப்படுவதோ அவற்றில் ஒரு சில. டிப்பகனூ என்ற கருவி நம் ஜியோஜேசனை (இடங்களின் ஆயங்களை எழுத்தாக வைக்கும் ஃபைல் வடிவம்) இப்படி வெக்டார் டைல்களாக, அதாவது படமாக அல்லாமல் கோடுகளும் வடிவங்களுமாக, வெட்டித் தருகிறது. தூரப் பார்வையில் மூலைகளைக் குறைக்கும், நெரிசலான இடங்களில் சிலவற்றை விட்டும்விடும். "எங்கள் வீட்டைக் காணோம்" என்று புகார் எழுதிய உறுப்பினர், தயவுசெய்து இன்னும் கொஞ்சம் ஜூம் செய்து பார்க்கவும்.

வெட்டிய டைல்கள் அத்தனையும் பிஎம்டைல்ஸ் என்ற வடிவத்தில் ஒரே ஃபைலில் அடங்கிவிட்டன. பிரவுசர் அதிலிருந்து தனக்கு வேண்டிய பைட்டுகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறது. தனியாக டைல் சர்வர் ஓட்டும் செலவு இல்லை. சங்கத்துக்கு மிச்சமான அந்தத் தொகை வரவுக் கணக்கில் ஏறாது என்பதால் இங்கே பதிவு செய்கிறேன். திரையில் வரைவது மேப்லிப்ரே என்ற திறந்த நிரலகம். 2020 டிசம்பரில் மேப்பாக்ஸ் நிறுவனத்தின் வரைபட நிரலகமான மேப்பாக்ஸ் ஜிஎல் திறந்த உரிமத்தைக் கைவிட்டபோது அதன் பழைய பதிப்பிலிருந்து பிரிந்து வளர்ந்தது.

மரக் கணக்கெடுப்புக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஏராளம். வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். மரங்களின் இருப்பிடத்தைக் குறித்து அனுப்பியவர்களிலும் சிலர் அட்சரேகையை முதலில் எழுதி அனுப்பினார்கள். ஜியோஜேசனில் தீர்க்கரேகைதான் முதலில். 2016-இல் வந்த, அந்த வடிவத்தின் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 7946 அதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒரு தெருவின் மரங்கள் முழுவதும் கண்காணாத தேசத்துக்குப் போய்விட்டன. அட்சரேகை, தீர்க்கரேகைக்கான காலிக் கட்டங்களில் 0 போட்டு அனுப்பியவரின் மரங்கள், இரண்டும் 0 ஆகும் இடமான கினி வளைகுடாவில் நடுக்கடலில் நின்றன. இன்னொருவர் பன்னிரண்டு தசம இலக்கம் வரை எழுதியிருந்தார். ஆறு இலக்கமே சுமார் 11 செ.மீ. வரை போகும், கைப்பேசி ஜிபிஎஸ்ஸோ சில மீட்டர் பிசகும். ஃபைல் வீங்கியதுதான் மிச்சம். இவற்றை யார் திருத்தியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வரைபடத்தின் மூலையில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு உரிய வரியை அழகு கருதி எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவுக்கான ஓடிபிஎல் உரிமப்படி அது இருந்தாக வேண்டும். இருக்கிறது.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம். விவரம் பொருளாளரிடம் பார்க்கலாம். சந்தா பாக்கி கணிசமாக நிற்கிறது. பாக்கிதாரர்களில் சிலர் வரைபடத்தின் நிறம் பற்றி நீண்ட கருத்துகள் அனுப்பியிருக்கிறார்கள். அவையும் கோப்பில் உள்ளன.

தலைவர், பொருளாளர், இடம் தந்து உதவியவர்கள், ஒலிபெருக்கி ஏற்பாடு செய்தவர் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். தரவு மாறினால் டைல்களை மறுபடி வெட்ட வேண்டும். அந்த ஸ்கிரிப்ட் இப்போது என் லேப்டாப்பில் மட்டும்தான் ஓடுகிறது. கற்றுக்கொள்ள இரண்டு பேராவது வந்தால் உட்கார்ந்து சொல்லித் தரத் தயார். பதவியைப் பிடித்துக்கொண்டு தொங்கும் ஆசை எனக்கில்லை. பொதுக்குழு வற்புறுத்தினால் தட்டவும் மாட்டேன். அப்புறம், ரசீதுப் புத்தகம் வாசல் பக்கத்து மேஜையில் இருக்கிறது. கூட்டம் முடியும்வரை பொருளாளர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.