வத்தைக்கு முதலில் மரம், அப்புறம்தான் இன்ஜின்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அண்ணன்மாருக்கும் காக்காமாருக்கும், பழைய வத்தையை, அதாவது பாய் கட்டி ஓடும் தட்டை அடி மரப்படகை, வாங்கிப் போட்டுவிட்டு எங்கள் பட்டறையைத் தேடி வரும் தம்பிமாருக்கும் வணக்கம்.

போனில் எங்களுக்கு வரும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "படகு கரையில கிடக்கு, இன்ஜினை மட்டும் இறக்கி ஓவர்ஹால் பண்ணிக் கொடுங்க, மர வேலையை அப்புறம் பார்த்துக்கலாம், எவ்வளவு ஆகும்?" எங்கள் பதிலும் மாறுவதில்லை. மரத்தைப் பார்க்காமல் இன்ஜினைத் தொட மாட்டோம், போனில் தொகை சொல்ல மாட்டோம். இதில் சிலருக்கு வருத்தம் என்று தெரியும். மர வேலையையும் சேர்த்துத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டதும் காதுக்கு வந்தது. சரி, ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருப்பதை விட ஒரு தடவை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், தோப்புத்துறைப் பக்கம் கிடக்கும் பழைய வத்தைகள் எல்லாம் பாய்க்காகக் கட்டியவை. அடி தட்டை. இந்தக் கடலில் ஆழம் குறைவு, காயலில் சேறு, அதனால் தண்ணீர் வற்றினாலும் சேற்றில் சாயாமல் உட்கார வேண்டும் என்று அப்படிக் கட்டினார்கள். காற்று ஏறினால் குறுக்குப் பலகையில் ஆள் ஏறி உட்கார்ந்து படகை நிமிர்த்துவார்கள். இன்ஜின் என்பது பின்னால் வந்த விருந்தாளி. யாரோ ஒருவர் அமரத்தில் (படகின் பின்பக்கம்) துளை போட்டு, புரொப்பெல்லரைச் சுற்றும் ஷாஃப்டை விட்டு, இருக்கிற வங்குகள் (பலகையைத் தாங்கும் வளைந்த விலா மரங்கள்) மேல் இரண்டு கட்டையைப் போல்ட் போட்டு இன்ஜினை உட்கார வைத்திருப்பார். அந்த வங்குகள் பாயின் இழுப்பைத் தாங்கச் செய்தவை, ஓயாமல் அதிரும் இரும்பைத் தாங்க இல்லை. போதாதற்கு இன்ஜினுக்கு அடியில்தான் டீசலும் ஆயிலும் கசிந்த தண்ணீரும் தேங்கி நிற்கும், வெயில் படாது, கையும் நுழையாது. ஆகப் படகிலேயே முதலில் கெடும் இடம் இன்ஜின் உட்காரும் இடம்தான். அதன் மேல் புது பிஸ்டன், புது பேரிங் போட்ட இன்ஜினைத் தூக்கி வைத்தால் என்ன ஆகும்? இன்ஜின் உட்காரும் பெட் ஆடும், ஷாஃப்ட் நேர்கோட்டை விட்டு விலகும், ஷாஃப்ட் துளையில் தண்ணீரை அடைக்கும் கிளாண்ட் தேயும், கியர் பாக்ஸில் சத்தம் வரும். அப்புறம் "உங்க ஓவர்ஹால் சரியில்லை" என்று எங்களிடமே வருவீர்கள்.

படகு பட்டறைக்கு வந்ததும் எங்கள் ஓடாவி (படகு கட்டும் ஆசாரி) செய்யும் முதல் வேலை, மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டே முன்பக்கத்து அணியத்திலிருந்து அமரம் வரை போவது. நல்ல மரம் கணீரென்று பேசும், கெட்ட மரம் பொத்தென்று நிற்கும். பொத்தென்ற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு, அடுத்த சுற்றில் குத்தூசியால் குத்திப் பார்ப்பார். ஊசி வெண்ணெயில் போவது போல இறங்கினால் அந்தப் பலகை போச்சு. இதற்குள் நீங்களும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம், வட்டங்களை உங்கள் கண்ணால் எண்ணிக்கொள்ளலாம்.

வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கிறதே என்பார்கள். மரத்தைத் துளைக்கும் கடல் புழு வெளியே அடையாளம் காட்டாது. குஞ்சாக இருக்கும்போதே ஊசி முனை அளவு ஓட்டை வழியாக உள்ளே போய், உள்ளேயே வளர்ந்து, மரத்தின் ரேகையோடு நீளமாகக் குடைந்துகொண்டே போகும். பலகையை அறுத்தால்தான் உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய குழாய் குழாயாகத் தெரியும். புழு என்கிறோமே தவிர அது மட்டி இனம். உப்புத் தண்ணீர் இல்லாமல் நெடுநாள் பிழைக்காது, அதனால் ஐப்பசி, கார்த்திகையில் கோரையாற்றிலும் பாமணியாற்றிலும் நல்ல தண்ணீர் பாயும்போது படகை ஆற்றுக்குள் ஏற்றிக் கட்டுவது புத்திசாலித்தனம். ஆனால் அது வாசலை அடைத்துக்கொண்டு சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும். நாலு நாள் கட்டிவிட்டு அவிழ்த்தால் பயன் இல்லை.

இதிலேயே இன்னொரு சங்கடமும் உண்டு. புழுவுக்கு ஆகாத நல்ல தண்ணீர் மரத்துக்கும் ஆகாது. உப்பு ஊறிய பலகை எளிதில் மக்காது, மழைத் தண்ணீர் தேங்கிய இடம்தான் மக்கும். பாய்மரம் நிற்கும் குழி, தளத்துப் பலகையின் ஓரம், அமரத்தின் மூலை, இந்த மூன்றையும் எந்தப் பழைய படகிலும் முதலில் பாருங்கள். வாங்கப் போகிறவர்கள் பாய்மரத்தின் அடியைக் கத்தியால் கீறிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன் தார்ப்பாயை இறுக்கி மூடாமல், இரண்டு பக்கமும் காற்று போகிற மாதிரி கூடாரமாகக் கட்டுங்கள்.

வங்கு மாற்றுவது மர வேலையில் நேரம் தின்னும் இடம். நேர் மரத்தை வளைவாக அறுத்து வைத்தால் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு, முதல் அலையிலேயே அந்த இடத்தில் பிளக்கும். மரமே வளைந்து வளர்ந்த கொம்பாக இருக்க வேண்டும். நாட்டுக் கருவேலம், வாகை, புன்னை இவற்றில் அப்படிப்பட்ட கிளை கிடைக்கும், ஆனால் தேட வேண்டும், மில்லில் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்தப் பக்கம் தென்னையோடு சேர்ந்து பெரிய பெரிய மரங்களும் சாய்ந்தன, அதற்கப்புறம் நல்ல வளைவுக்கு அலைச்சல் கூடிவிட்டது. உங்கள் வயல் வரப்பில் வளைந்த கருவேலம் நின்றால் சொல்லுங்கள், அறுத்துக் கொண்டுவரும் கூலி எங்களுடையது, மரத்தின் விலையைப் பில்லில் கழித்துக்கொள்கிறோம்.

ஆணி விஷயத்தில் நாங்கள் பிடிவாதக்காரர்கள். படகு முழுக்க இரும்பு ஆணி என்றால் துத்தநாகம் பூசிய இரும்பிலேயே போவோம், செம்பு என்றால் செம்பிலேயே. இரண்டையும் கலந்தால் உப்புத் தண்ணீரில் செம்பு இரும்பைத் தின்றுவிடும், ஆணித் தலை மட்டும் மிஞ்சும். ஷாஃப்ட், புரொப்பெல்லர் பக்கம் ஜிங்க் கட்டை போடச் சொல்வதும் இதற்காகத்தான். அது கரைந்துகொண்டே போவதைப் பார்த்து ஏமாற்றிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். மற்றதற்குப் பதில் அது கரைவதுதான் அதன் வேலை, பாதி கரைந்ததும் மாற்றுங்கள்.

பலகை இடுக்கைப் பஞ்சால் அடைக்கும் கலப்பத்துக்கு வருவோம். சித்திரை, வைகாசி வெயிலில் கரையில் கிடந்த படகின் பலகைகள் சுருங்கி, இடுக்கு விரலளவு வாய் பிளந்து நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து, பஞ்சை இறுக்கி இறுக்கி அடிக்கச் சொல்வார்கள். கூடாது. தண்ணீரில் இறங்கியதும் மரம் ஊதும், பஞ்சுக்குப் போக இடமில்லாமல் பலகையையே தள்ளும், ஆணி பிடுங்கிக்கொள்ளும், சில சமயம் வங்கே முறியும். நாங்கள் முதலில் சாக்கை நனைத்து இடுக்குகளின் மேல் போட்டு மரத்தைக் கொஞ்சம் ஊற விடுவோம். அப்புறம் பஞ்சுத் திரியை அளவாக அடித்து, மேலே குங்கிலியம் காய்ச்சிய எண்ணெயைப் பூசுவோம். இறக்கிய அன்று தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். இறைத்துக்கொண்டே இருங்கள், இரண்டு மூன்று நாளில் குறையும். குறையவில்லை என்றால் கூப்பிடுங்கள்.

"இந்தத் தொல்லையே வேண்டாம், மேலே ஃபைபர் போட்டு மூடிவிடுங்க" என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். சுனாமிக்கு அப்புறம் கரை முழுக்க ஃபைபர் படகு வந்துவிட்டதால் அந்த நினைப்பு வருவது இயற்கை. ஆனால் ஃபைபர் அச்சில் வார்த்த படகு வேறு, ஐம்பது வருடம் எண்ணெய் குடித்த ஈர மரத்தின் மேல் ஒட்டும் ஃபைபர் வேறு. எண்ணெய் மரத்தில் ரெசின் பிடிக்காது. பிடித்தாலும் மரம் ஊதிச் சுருங்குவதோடு சேர்ந்து அது அசையாது, ஓரிடத்தில் விடும், உள்ளே தண்ணீர் போய் வெளியேற வழி இல்லாமல் நிற்கும். அப்படி வேறெங்கோ மூடி வந்த ஒரு வத்தையை இங்கே உரித்தபோது பலகையை மண்வெட்டியால் அள்ள வேண்டியிருந்தது. அந்த வேலையை நாங்கள் எடுப்பதில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மரம் சரியாகும் நாட்களில் இன்ஜின் சும்மா இருக்காது, இறக்கிப் பிரித்திருப்போம். பிரிக்கும் முன் ஓடுகிற நிலையில் இருந்தால் ஒரு தடவை ஓட்டிப் புகையைப் பார்ப்போம். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை, நீலம் என்றால் ஆயில் எரிகிறது, சூடான பிறகும் வெள்ளை நிற்காவிட்டால் டீசல் எரியாமல் போகிறது, இல்லை சேம்பருக்குள் தண்ணீர் வருகிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் ஹெட் கேஸ்கட்டோ லைனர் சீலோ போயிருக்கும். கடல் தண்ணீரை நேராக உள்ளே விட்டுக் குளிர வைக்கும் பழைய இன்ஜின்களில் வாட்டர் ஜாக்கெட்டுக்குள் உப்பும் துருவும் பாறையாகப் படிந்திருக்கும், சிலவற்றில் தண்ணீர் போகும் வழி பென்சில் அளவுக்குச் சுருங்கியிருக்கும். "இன்ஜின் சூடாகுது" என்ற புகாருக்குப் பம்ப் இம்பெல்லரை மட்டும் மாற்றிப் பணம் விடுவதில் அர்த்தம் இல்லை.

பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்கை மைக்ரோமீட்டர் வைத்து அளப்போம். தேய்மானம் இருந்தால் லேத்தில் கிரைண்டிங் செய்து கால் மில்லி அல்லது அரை மில்லி அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். பழைய இன்ஜினில் ஏற்கெனவே யாராவது ஒரு தடவை கிரைண்டிங் செய்திருப்பார்கள், இன்னொரு தடவைக்கு உடம்பு இருக்கிறதா என்பது அளந்தால்தான் தெரியும். போனில் தொகை சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். டீசலைத் தூவும் நாசிலை டெஸ்டரில் வைத்துப் பார்ப்போம், பனி மாதிரி தூவ வேண்டும், சொட்டினால் மாற்றுவோம். கழற்றிய பழைய சாமான் எல்லாம் சாக்கில் கட்டி உங்களிடமே கொடுத்துவிடுவோம், பழைய இரும்புக் கடைக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இடையில் ஒன்று. படகு மூழ்கி இன்ஜினுக்குள் கடல் தண்ணீர் போனால், தயவு செய்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள், ஹேண்டில் போட்டுச் சுற்றவும் வேண்டாம். சிலிண்டரில் நிற்கும் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். தூக்கியதும் தண்ணீரையும் ஆயிலையும் வடித்து, நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி, உடனே டீசலையோ ஆயிலையோ உள்ளே நிரப்பி அப்படியே கொண்டுவாருங்கள். நனைந்த இரும்பு காற்றில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் செலவுதான்.

மரமும் ஆகி இன்ஜினும் ஆனபிறகு, கரையில் வைத்தே ஷாஃப்டைச் சேர்த்து முடித்துவிடுங்கள் என்று அவசரப்படுத்துவார்கள். மரப்படகு கரையில் ஒரு வடிவத்தில் இருக்கும், தண்ணீரில் இறங்கி ஊறியபின் கொஞ்சம் வேறு வடிவத்தில் இருக்கும். அதனால் கரையில் தோராயமாக வைத்து, இறக்கி, சில நாள் ஊறவிட்டு, டீசல் டேங்கையும் நிரப்பியபிறகுதான் இன்ஜினையும் ஷாஃப்டையும் சேர்க்கும் கப்ளிங்கைக் கழற்றி, இரண்டு முகத்துக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்ப்போம். பத்து சென்டிமீட்டர் பிளேஞ்சில் (கப்ளிங்கின் வட்ட முகத்தில்) மேல், கீழ், இடம், வலம் நாலு பக்கமும் பார்த்தால் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் பெட்டுக்கு அடியில் தகடு வைத்துச் சரிசெய்வோம். கிளாண்ட் ஓடும்போது அவ்வப்போது ஒரு சொட்டு விட வேண்டும். சொட்டவே கூடாது என்று இறுக்கினால் காய்ந்து ஷாஃப்டை அரித்துவிடும்.

பாயை மறந்துவிடாதீர்கள். இன்ஜின் வந்ததும் பாய் கட்டும் பருமலை விறகுக்குப் போட்டு, அதை ஏற்றும் ஆஞ்சான் கயிற்றையும் தூக்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள், நமக்கு அது பொறுக்கவில்லை. காற்று இருக்கும் நாளில் பாய் இழுத்தால் டீசல் மிச்சம், இன்ஜின் நடுக்கடலில் நின்றால் கரை சேரவும் அதுதான் துணை. பாய் வேலை வேண்டும் என்பவர்கள் தொடக்கத்திலேயே சொல்லுங்கள், பாய்மரக் குழியைச் சுற்றிய வங்குகளைக் கனமாக வைப்போம்.

காலம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லா ஓடாவிகளும் மெக்கானிக்குகளும் விசைப்படகு வேலையில் இருப்பார்கள், அப்போது வத்தையைக் கொண்டுவந்தால் வரிசையில் நிற்க வேண்டிவரும். ஆனி பாதியில் கொண்டுவந்தால் புரட்டாசிக்குள், மழைக்கு முன், தண்ணீரில் இறக்கிவிடலாம். பணத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்வோம்: தட்டிப் பார்த்து மர வேலைக்குத் தொகை சொன்னதும் ஒன்று, இன்ஜினைப் பிரித்து அளந்ததும் ஒன்று, தண்ணீரில் ஓட்டிக் காட்டியதும் மீதி. ஒவ்வொரு கட்டத்திலும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, அதுவரை ஆன கூலியை மட்டும் வாங்கிக்கொள்வோம். இன்ஜினையே மாற்ற வேண்டி வந்தால் படகின் பதிவுக் காகிதங்களோடு முதலில் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாருங்கள்.

படகை வண்டியில் ஏற்றும் முன் ஒரு போன் பண்ணுங்கள், முடிந்தால் நாங்களே வந்து அங்கேயே தட்டிப் பார்த்துவிடுகிறோம், அதற்குக் காசு இல்லை, பெட்ரோல் மட்டும். வெள்ளிக்கிழமை மதியம் பட்டறை பூட்டியிருக்கும்.