குன்னூர் இஞ்சின் எங்க பொறந்துச்சுன்னு சரியா எழுதுங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம நீலகிரி மலை ரயிலைப் பத்தி ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க. படமெல்லாம் அருமை, ஹில்குரோவ் ஸ்டேஷன்ல இஞ்சின் தண்ணி பிடிக்கிற படத்தை வெட்டி பத்திரமா எடுத்து வெச்சிட்டேன். ஆனா அதுக்குக் கீழ "இங்கிலாந்தில் தயாரான நீராவி இஞ்சின்"னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அதைப் படிச்சதுல இருந்து மனசு கேக்கல. எங்கப்பா குன்னூர் லோகோ ஷெட்ல ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. இப்ப உயிரோட இருந்திருந்தா அவரே உங்களுக்கு எழுதியிருப்பாரு.

அந்த இஞ்சின் இங்கிலாந்து இல்லீங்க. சுவிட்சர்லாந்து. அங்க சூரிச் பக்கத்துல விண்டர்தூர்னு ஒரு ஊரு, அந்த ஊர்ல இருந்த ஸ்விஸ் லோகோமோட்டிவ் அண்ட் மெஷின் ஒர்க்ஸ்ங்கிற கம்பெனி செஞ்சது, சுருக்கமா எஸ்எல்எம்னு சொல்லுவாங்க. நான் சின்னப் பையனா இருக்கறப்ப மத்தியானம் அப்பாவுக்கு தூக்குச்சட்டியில சோறு கொண்டு போவேன், அப்ப ஒரு நாள் அவரு கையில இருந்த காட்டன் வேஸ்ட்டால இஞ்சின் மேல இருந்த தகட்டைத் துடைச்சு, கரியெல்லாம் போன பிறகு ஒவ்வொரு எழுத்தா விரலை வெச்சு படிச்சுக் காட்டினாரு. விண்டர்தூர். பேரைக் கேட்டு நம்ம குன்னூர் மாதிரி அதுவும் குளிர் ஊரு போலன்னு நெனச்சுக்கிட்டேன். அந்தத் தகட்டோட சூடு இன்னும் விரல்ல இருக்கு.

உங்க நிருபருக்கு ஏன் அப்படித் தோணுச்சுன்னும் புரியுது. 1899-ல மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் லைன் திறந்தப்ப ஓடுனது மான்செஸ்டர்ல பேயர் பீகாக் கம்பெனி செஞ்ச இஞ்சின்தான், அது இங்கிலாந்து, அதுல தப்பில்ல. ஊட்டிக்கு லைன் போனது 1908-ல. ஆனா இன்னைக்கு நாம பாக்குற, டூரிஸ்ட் எல்லாம் செல்ஃபி எடுக்கிற எக்ஸ் கிளாஸ் இஞ்சின் 1914 வாக்குல விண்டர்தூர்ல இருந்து வர ஆரம்பிச்சது, கடைசி செட் 1952-ல, அதாவது நமக்கு சுதந்திரம் கிடைச்ச பிறகும் நம்ம ரயில்வே அதே கம்பெனிகிட்டதான் ஆர்டர் குடுத்திருக்கு. ஏன் அவங்ககிட்டயே போனாங்கன்னு யோசிச்சுப் பாருங்க, அதுலதான் விஷயமே இருக்கு.

இந்தக் கம்பெனியை 1871-ல ஆரம்பிச்சவரு சார்லஸ் பிரவுன்னு ஒரு இஞ்சினியர். பொறப்பால அவரு இங்கிலீஷ்காரர்தான், விண்டர்தூர்ல சுல்சர் கம்பெனியில 20 வருஷம் வேலை பார்த்துட்டு வெளிய வந்து இதை ஆரம்பிச்சாரு. (அவரு மகன்தான் பின்னாடி பிரவுன் பொவேரிங்கிற பெரிய கரண்ட் கம்பெனியை ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரு.) எஸ்எல்எம்மோட ஒண்ணாம் நம்பர் இஞ்சின் 1873-ல செஞ்சது, அதுவே பல் சக்கர இஞ்சின், ரிகிங்கிற சுவிஸ் மலைக்குப் போற ரயிலுக்காக, பாய்லர் நெட்டுக்குத்தலா நிக்கும், இன்னைக்கும் அதை லூசெர்ன் மியூசியத்துல பத்திரமா வெச்சிருக்காங்க. அதாவது இந்தக் கம்பெனி பொறந்ததே மலை ஏறத்தான். பின்னாடி கரண்ட் இஞ்சின், டீசல் இஞ்சின்னு எல்லாம் செஞ்சாங்க, மொத்தம் 5000-க்கு மேல, ஆனா மலை ஏறுற இஞ்சின்னா உலகத்துல எங்க இருந்தாலும் அவங்களைத் தேடிப் போனாங்க.

நம்ம லைன்ல கல்லார்ல இருந்து குன்னூர் வரைக்கும் ஏத்தம் 12 அடிக்கு 1 அடி. இரும்புச் சக்கரம் மட்டும் இருந்தா வழுக்கிட்டு நின்னுடும். அதுக்குத்தான் ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல பல்லு வெச்ச சட்டம் போட்டிருக்கு, ஒண்ணு இல்ல, பக்கத்துல பக்கத்துல ரெண்டு, ஒண்ணோட பல்லுக்கு நேரா இன்னொண்ணோட பள்ளம் வர்ற மாதிரி. இதைக் கண்டுபிடிச்ச ரோமான் ஆப்ட் என்பவரும் சுவிஸ்காரர்தான். ஒரு பல்லு விடுறப்ப இன்னொரு பல்லு பிடிச்சிருக்கும், எந்த நொடியிலயும் பிடி விடாது.

அந்த இஞ்சின் அதை எப்படிப் பிடிச்சு ஏறுதுங்கிறதுதான் எங்கப்பா உயிர். ஒரு பக்கத்துக்கு ரெண்டு சிலிண்டர், கீழ ஒண்ணு மேல ஒண்ணு. கீழ இருக்குறது சாதா சக்கரத்தைச் சுத்தும், மேல இருக்குறது பல் சக்கரத்தைச் சுத்தும். சமதரையில கீழ சிலிண்டர் மட்டும் வேலை செய்யும், ஸ்டீம் அதுல வேலையை முடிச்சிட்டு புகைக்கூண்டு வழியா போயிடும். பல் சட்டத்துக்கு வந்ததும் டிரைவர் ஸ்டீமை மாத்தி விடுவாரு, கீழ வேலை செஞ்ச அதே ஸ்டீம் மேல சிலிண்டருக்குப் போய் இன்னொரு தடவை வேலை செய்யும். ஒரே கரிக்கு ரெண்டு வேலை. இந்த அமைப்புக்கே உலகம் பூரா விண்டர்தூர் சிஸ்டம்னுதான் பேரு! அந்த ஊரு பேரையே வெச்சிருக்காங்க, நாம என்னடான்னா இங்கிலாந்துனு எழுதுறோம்.

அடுத்த தடவை கல்லார் ஸ்டேஷன்ல போனீங்கன்னா உங்க நிருபரை கீழ இறங்கி நிக்கச் சொல்லுங்க. கொஞ்ச தூரத்துல பல் சட்டம் ஆரம்பிக்கிற இடத்துல ரயிலு மனுசன் நடக்குற வேகத்துக்குக் குறையும், சட்டத்தோட நுனி ஸ்பிரிங் மேல உக்காந்திருக்கும், பல் சக்கரம் அது மேல ஏறி பல்லுக்குப் பல்லு சேர்ந்து உக்காரும், அப்ப வயித்துக்குள்ள ஒரு சின்ன இடி மாதிரி தெரியும். அதுக்கு அப்புறம் சத்தமே மாறிடும், நாலு சிலிண்டரும் சேர்ந்து வேலை செய்யுறப்ப மேல இருக்குற ராடு கீழ இருக்குறதுக்கு எதிர்ப்பக்கமா, அதை விட வேகமா சுத்துறதைப் பாக்கலாம். இஞ்சின் முன்னாடி இழுக்காது, பின்னாடி இருந்து தள்ளும், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் வெளிய நின்னு கொடி காட்டுவாரு. இதெல்லாம் நூறு வருஷமா அப்படியே நடக்குது.

அந்தக் கம்பெனி இப்ப இல்லீங்க. 1961-ல சுல்சர் கைக்குப் போச்சு, 1998-ல துண்டு துண்டா பிரிச்சு வித்துட்டாங்க, பல் ரயில் பிரிவை ஸ்டாட்லர் கம்பெனி வாங்குச்சு, ஸ்டீம் இஞ்சின் வேலை தெரிஞ்சவங்க 2000-ல தனியா ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. மான்செஸ்டர் பேயர் பீகாக் அதுக்கு முன்னாடியே 1966-ல மூடியாச்சு. அப்ப செஞ்ச கம்பெனியே இல்லாம நம்ம ரயிலு எப்படி ஓடுது? குன்னூர் ஷெட்டும் திருச்சி பொன்மலை ஒர்க்ஷாப்பும் இருக்குறதால ஓடுது. ஒரு பல் சக்கரம் தேஞ்சாலோ ஒரு வால்வு போனாலோ லெட்டர் போட்டு சுவிஸ்ல இருந்து வரவழைக்க முடியாது. அளவெடுத்து, வார்த்து, கடைஞ்சு, தேச்சு நாமதான் செய்யணும். பொன்மலைக்காரங்க அதோட நிக்கல, 2011-ல இருந்து 2014-க்குள்ள ஆயில்ல ஓடுற எக்ஸ் கிளாஸ் இஞ்சின் நாலு முழுசா புதுசா செஞ்சாங்க, 2021-ல நிலக்கரியில ஓடுறதையும் செஞ்சு குடுத்தாங்க. விண்டர்தூர்ல வரைஞ்ச இஞ்சின், திருச்சி வெயில்ல பொறந்து நம்ம குளிருக்கு வந்திருக்கு, இதை விடப் பெருமை என்னங்க வேணும்? உங்க கட்டுரையில பொன்மலைங்கிற பேரு ஒரு இடத்துல கூட இல்ல. யுனெஸ்கோ 2005-ல குடுத்த அங்கீகாரத்தைப் பத்தி ரெண்டு பத்தி இருக்கு, அதைக் காப்பாத்துற கைகளைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

சுவிஸ்காரங்க என்ன பண்ணாங்கன்னும் சொல்லிடறேன். அதே எஸ்எல்எம் செஞ்ச ஃபுர்கா மலை ரயில் இஞ்சின்களை 1947-ல வியட்நாமுக்கு வித்துட்டாங்க, அங்க தலாத் மலையில ஓடுச்சு, யுத்தத்துல லைன் நின்னு போய் இஞ்சினெல்லாம் துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. 1990-ல ரயில் மேல ஆசை உள்ளவங்க போய், அதுல மிஞ்சுனதை எடுத்து கப்பல்ல ஏத்தி ஊருக்குக் கொண்டு வந்து, ரிப்பேர் பண்ணி மறுபடி ஓட விட்டிருக்காங்க. துருப்பிடிச்ச இரும்புக்காக அவ்வளவு தூரம் போயிருக்காங்க. நம்ம இஞ்சின் ஒரு நாளும் நம்மள விட்டுப் போகல, வீட்டு வாசல்லயே நிக்குது.

அதனால என் கோரிக்கை ரெண்டு. மொதல்ல அந்த ஒரு வரியைத் திருத்தி, சின்னதா இருந்தாலும் பரவால்ல, போட்டுடுங்க, ஏன்னா ஸ்கூல் பசங்க உங்க பேப்பரைப் பார்த்துதான் புராஜெக்ட் எழுதுறாங்க, என் பேத்தியே அதை வெட்டி நோட்டுல ஒட்டி வெச்சிருக்கா. இன்னொண்ணு, குன்னூர், மேட்டுப்பாளையம், பொன்மலையில ரிட்டையர் ஆன ஃபிட்டர், பாய்லர் ஆளுங்க, பிரேக்ஸ்மேன் இன்னும் கொஞ்சம் பேரு இருக்காங்க, எல்லாருக்கும் 70, 80 வயசு. எந்த நட்டை எவ்வளவு இறுக்கணும், பல் சக்கரம் தேஞ்சதை சத்தத்துலயே எப்படிக் கண்டுபிடிக்கணும்னு அவங்க தலையிலதான் இருக்கு, எந்த நோட்டுலயும் இல்ல. ஒரு ஆளை அனுப்பி உக்கார வெச்சு கேட்டு எழுதுங்க. குன்னூர்ல யார் யார் வீடு எங்கன்னு எனக்குத் தெரியும், நானே கூட்டிட்டுப் போறேன். டிசம்பருக்கு முன்னாடி வந்தா நல்லது, பனி இறங்கிட்டா வயசானவங்க வெளிய வர மாட்டாங்க.

இப்படிக்கு,
குன்னூர் லோகோ ஷெட் ஃபிட்டர் ஒருத்தரோட மகன்,
குன்னூர், நீலகிரி