அப்பாவின் கணினியும் உன் பென்டிரைவும்

அன்புள்ள கதிர்,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்ட வேண்டியதை நேரில் வரும்போது திட்டு. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பத்தாவது பரீட்சை எழுதி முடித்துவிட்டாள்.

போன ஞாயிறு கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன், அப்பா கணினி முன்னால் உட்கார்ந்து போனில் யாருக்கோ ஓர் எண்ணை வாசித்துக்கொண்டிருக்கிறார். திரையில் திறந்திருந்தது, எங்கிருந்தோ ஒருவன் நம் கணினியை இயக்குவதற்கான ஆப்; அதில் வந்த எண்தான் அது. பையைப் போட்டுவிட்டு நெட் வயரைப் பிடுங்கினேன். அவர் கை நடுங்கியது, கதிர். பென்ஷன் கணக்கைப் பார்ப்பதெல்லாம் அந்தக் கணினியில்தான். வங்கிக்குச் சொல்லி நெட்பேங்கிங்கை நிறுத்தினோம். நல்லவேளை, பணம் போகவில்லை.

இரண்டு வாரமாகவே வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி வந்திருக்கிறது: ஐந்து வைரஸ் இருக்கிறது, சந்தா முடிந்துவிட்டது என்று. நாங்கள் வாங்கியே இராத ஆன்டிவைரஸின் முத்திரையோடு! அன்று அதை அழுத்தியதும் திரை முழுக்கச் சிவப்பு, காதைக் கிழிக்கும் சத்தம், கூப்பிட ஒரு நம்பர். மைக்ரோசாஃப்டின் நிஜ எச்சரிக்கையில் போன் நம்பரே இருக்காது. இதை நான் அவருக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ராத்திரி உட்கார்ந்து துருவினேன். பெட்டியை அனுப்பியது ஆன்டிவைரஸே இல்லை, குரோம் வழியாக ஒரு வலைத்தளம். தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் அதன் முகவரி இருக்கிறது. பஞ்சாங்கம் பார்க்கப் போன இடத்தில், 'நீங்கள் ரோபோ இல்லையென்றால் அலோ (Allow) அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கிறான், இவரும் அழுத்தியிருக்கிறார். பெட்டி அனுப்ப இவரே கொடுத்த அனுமதி அது. அப்புறம் அந்தத் தளத்தை மூடினாலும் பெட்டி வந்துகொண்டுதான் இருக்கும். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் அந்தப் பெயரை எடுத்ததும் நின்றது. அந்த ஆப்பையும் நீக்கி, பாஸ்வேர்டுகளை என் போனிலிருந்து மாற்றினேன்.

இனி உன் கதை. புதன்கிழமை, மணியின் கல்யாணப் படங்களைப் பார்க்க, நீ கொடுத்த பென்டிரைவை அப்பா செருகியதும் மறுபடி ஒரு பெட்டி. "இவனும் திருட்டுப்பயல்தான்" என்று மூடப் போனார். நான் பெட்டியைத் தொடவில்லை. ஸ்டார்ட் மெனுவிலிருந்து விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் செக்யூரிட்டியை நானே திறந்து, புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியை, அதாவது அது பிடித்தவற்றின் பட்டியலைப் பார்த்தேன். நிஜமாகவே இருக்கிறது: ஹேக்டூல், ஆட்டோகேஎம்எஸ். நீ அன்று காசில்லாமல் எம்எஸ் ஆபீஸ் போட்டுக் கொடுத்தாயே, அதை ஓட வைத்த அதே திருட்டு ஆக்டிவேட்டர்! படங்களுக்குப் பக்கத்திலேயே வைத்துக் கொடுத்திருக்கிறாய், மகராசா.

சிரிக்க முடியவில்லை எனக்கு. பொய்யை நம்பியவர் இப்போது நிஜத்தையும் நம்ப மாட்டேன் என்கிறார். வங்கியிலிருந்து வரும் மெசேஜைக்கூடப் படிக்காமல் அழிக்கிறார். அதனால் தினமும் சாயங்காலம் அவரோடு உட்கார்ந்து, வந்த பெட்டி ஒவ்வொன்றையும் யார் அனுப்பியது என்று சேர்ந்து பார்க்கிறோம். 1930 என்ற சைபர் புகார் எண்ணை மானிட்டரில் ஒட்டியிருக்கிறேன்.

உன் அம்மா தஞ்சாவூரில் தனியாகத்தானே இருக்கிறார்கள்? இன்றைக்கே போன் போட்டு, மூலையில் ஏதாவது பெட்டி வருகிறதா என்று கேள். கேட்டுவிட்டு எனக்கு எழுது.

உன்,
செல்வம்