வங்கி இணைப்பும் கவுன்டர் ஊழியரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்துறை வங்கிகளை மேலும் இணைக்கலாமா என்ற பேச்சு அவ்வப்போது எழும்போதெல்லாம் மூலதனம், வாராக்கடன், பங்கு விலை ஆகியவை விரிவாக அலசப்படுகின்றன. இணைப்புக்குப் பிந்தைய மாதங்களில் கிளை ஊழியர்களை யார், எப்படி வழிநடத்துவது என்பது மட்டும் பேசப்படுவதே இல்லை. இணைப்புக்கு உள்ளான வங்கி ஒன்றில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

2017-இல் 27 ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் இன்று 12. அந்த 27-இல் பத்து வங்கிகள் நான்காக்கப்பட்ட நாள் 2020 ஏப்ரல் 1. நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கி அப்போது ஒரு வாரமே ஆகியிருந்தது. சட்டப்படி ஒரே நாளில் முடிந்துவிட்ட இணைப்பு, மென்பொருள் அளவில் மாதக்கணக்கில் இழுத்தது. அதுவரை திரையைப் பார்க்காமலே மெனு எண்களைத் தட்டிப் பழகிய மூத்த காசாளர், ஒவ்வொரு பதிவுக்கும் நேற்றுச் சேர்ந்த இளைஞரிடம் வழி கேட்க வேண்டியதாயிற்று. வேலைப் பளுவைவிட அந்தக் கூச்சமே பலரை வாட்டியது. ஓய்வூதியம் கணக்கில் ஏறியிருந்தும் பாஸ்புக்கில் பதிவாகவில்லை என்றோ, ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறியதால் மகன் அனுப்பிய பணம் திரும்பிவிட்டது என்றோ வரும் வாடிக்கையாளரின் கோபமும் அவர் தலையில்தான் விடியும். அன்று மாலையே மண்டல அலுவலகத்தின் காணொலிக் கூட்டத்தில், எத்தனை காப்பீட்டு பாலிசி பிடித்தீர்கள் என்று கேட்பார்கள். இதைக் கொடுமை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

ஒரே தெருவில் இரண்டு கிளைகள் இருந்தால் ஒன்று மூடப்படும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எது மூடப்படும் என்ற செய்தி ஊழியர்களை எட்டுவதற்கு முன்பே எதிர் டீக்கடைக்கு எட்டிவிடும் என்பதுதான் வேதனை. மேலாளர் தினமும் கிளை திறப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, தெரிந்ததைத் தெரிந்தவாறும், முடிவாகாததை முடிவாகவில்லை என்றும் சொல்லிவிட்டால் வதந்திகளில் பாதி அடங்கிவிடும். கூட்டம் முண்டும் நேரத்தில் அவர் தம் அறையைவிட்டு வெளியே வந்து வாடிக்கையாளர்களுக்குத் தாமே பதில் சொன்னால், ஊழியர் தலை நிமிர்ந்து வேலை பார்ப்பார்.

ஆனால் மேலாளரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. அவரும் மேலிருந்து நெருக்கப்படுபவரே. நாள் முடிவில் கணக்குப் பார்க்கும்போது பணம் குறைந்தால் காசாளர் கைப்பணத்தைப் போட்டுச் சரிக்கட்டுவது வங்கிகளில் பழைய வழக்கம். புதிய மென்பொருள் பழகும் காலத்திலாவது, பதிவுகளைச் சரிபார்த்து முடிக்கும்வரை அவரிடம் பணம் கேட்கக் கூடாது. மாறுதல் உத்தரவுகள் பள்ளி திறந்த பிறகு ஜூலையில் வருவதால் எத்தனை குடும்பங்கள் இரண்டு ஊர்களில் பிரிந்து வாழ்கின்றன என்பது மனிதவளத் துறையினர் அறியாததல்ல.

எனவே அடுத்த இணைப்பு எப்போது வந்தாலும், மென்பொருள் மாற்றம் முடியும்வரை காப்பீட்டு விற்பனை இலக்குகளை நிறுத்திவைப்பது, புதிய முறையை அறிந்த ஒருவரையாவது ஒவ்வொரு கிளையிலும் சில வாரங்கள் உடனிருக்கச் செய்வது, மாறுதல்களை ஏப்ரலுக்குள் அறிவிப்பது ஆகியவற்றை இணைப்புத் திட்டத்திலேயே எழுத்துபூர்வமாகச் சேர்க்குமாறு நிதி அமைச்சகத்தையும் வங்கி நிர்வாகங்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கிக் கிளை மேலாளர்,
சேலம்.