அப்பாவை வேலைக்கு அனுப்பிவைத்தவர்களுக்கு

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கைச் சுற்றி வாழும் எல்லாருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் ஒரு சாயங்காலம் அப்பாவைக் காணவில்லை. மூன்று மணி நேரம் கழித்துச் சிரித்த முகமாக வீடு வந்து சேர்ந்தார். அன்று தேடி அலைந்தவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 83 வயது. முதுமை மறதி (டிமென்ஷியா) வந்து ஐந்து வருடமாகிறது. செம்பவாங், பிரிட்டிஷ் கடற்படைத் தளமாக இருந்தபோதே அங்கே கப்பல் பழுதுபார்க்கும் டாக்யார்டில் சேர்ந்தவர். 1968இல் அது ஷிப்யார்டு ஆன பிறகும் அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொழுது சாய்ந்தால் அவருக்கு நைட் ஷிப்ட் ஞாபகம் வந்துவிடும். இந்த நோயில் அந்த நேரத்தில் குழப்பம் கூடுவது வழக்கம்தானாம். நான் வாசலை மறித்துக்கொண்டு, "வேலையெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சுப்பா" என்று சொல்லிச் சொல்லி அவரை அழவைத்திருக்கிறேன்.

அன்று அவர் ஏறிய பஸ்ஸின் ஓட்டுநர் அப்படிச் செய்யவில்லை. கடைசி நிறுத்தத்திலும் இறங்காதவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். அப்பாவுக்கு ஆங்கிலம் மறந்துவிட்டது. தமிழும் டாக்யார்டில் பேசிய பாசார் மலாயும், அதாவது சந்தைப் பேச்சு மலாயும்தான் மிச்சம். நல்லவேளை, ஓட்டுநர் மலாய்க்காரர். "ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருக்கு பாக்சிக், முதல்ல கோப்பி குடிக்கலாம்" என்று, மாமா என்பதுபோல் "பாக்சிக்" போட்டு மலாயில் சொல்லி, நிலைய அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த ஊழியர் அப்பாவின் சட்டைப்பையில் இருந்த அட்டையை ஸ்கேன் செய்து என்னை அழைத்தார். டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பின் காரா செயலியில் பதிந்து வாங்கிய அட்டை அது. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் தள்ளிப்போடாமல் வாங்கிவிடுங்கள்.

புளோக் புளோக்காக ஏறி இறங்கிய சைக்கிள் பையன்களுக்கும், என்னைத் தனியே விடாமல் கூடவே இருந்த, மாக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் எதிர்வீட்டு மலாய் அம்மாவுக்கும், கோப்பிக் கடை அங்கிளுக்கும் நன்றி.

அப்புறம், அப்பா போகும் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் அந்த மியன்மார்ப் பெண். "சாப்டீங்களா அப்பா" என்று கேட்பதற்காகவே தமிழ் கற்றுக்கொண்டவர். நடந்ததைக் கேட்டதும் அவர் எனக்கு எந்த அறிவுரையும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு பிஸ்கட் டின் நிறைய போல்ட்டும் நட்டும் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தார். அப்பா ஒவ்வொன்றாக விரலால் அளந்து, அளவு வாரியாகப் பிரித்து அடுக்கினார். பொருந்தாத ஒன்றை எடுத்து, "இது சரியில்லை, மாத்தச் சொல்லு" என்று என்னிடம் நீட்டினார். அவர் குரலில் அந்த அதிகாரத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! இப்போது வீட்டிலும் ஒரு டின் இருக்கிறது. ஐந்து மணியானால் எடுத்து வைக்கிறேன். எல்லா நாளும் அது கைகொடுப்பதில்லை. ஆனால் நான் வாசலை மறிப்பதை விட்டுவிட்டேன். கிளம்பினால் நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே போகிறேன்.

கீழ்த்தளத்தில் எங்களைப் பார்த்தால், "வேலைக்கா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அப்பா நின்று பதில் சொல்வார்.