கிழக்கு வரிசையில் மூன்றாவது வீடு

துவாந்தே, பர்மா,
கார்த்திகை மாத முதல் வாரம்.

அன்பு நண்பா,

இங்கு அனைவரும் நலம். நீயும் அண்ணியும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். உன் கடிதம் வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. கண் அறுவை, சின்ன மகளின் பிரசவம், பிறகு மழை என்று காரணங்கள் சொல்லலாம். ஆனால் அவை எல்லாம் சேர்ந்து இரண்டு மாதம்தான் தேறும் என்பது எனக்கே தெரிவதால், மன்னித்துவிடு என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இப்போது உனக்கு எழுதாமல் இருக்கவே முடியாத ஒன்று நடந்துவிட்டது.

கால்வாய்க்கரையில் நாம் ஊஞ்சல் கட்டிய தூங்குமூஞ்சி மரம் போய்விட்டது. புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் காலையில் மரத்துக்கு இந்தப் பக்கம், பாதையின் நடுவிலேயே ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. குனிந்து கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை உள்ளே போயிற்று, அடியில் மண் குளிர்ந்து சேறாக இருந்தது. கரையோரம் குடியிருந்த இரண்டு வீட்டாரையும் அப்போதே சாமான்களை எடுத்துக்கொண்டு கோவில் கொட்டகைக்கு வரச் சொல்லிவிட்டோம். பிற்பகலில் நீர் வற்றத் தொடங்கியதும் கரை இறங்கியது. ஈரச் சாக்கு மூட்டை தரையில் விழுவதைப் போல ஓர் ஓசை, அவ்வளவுதான். மரம் சாயக்கூட இல்லை. நின்ற நிலையிலேயே மண்ணோடு கீழே போய், இலைகள் நனைந்த பிறகே ஒரு பக்கமாகப் படுத்தது. அந்த மரத்தடியில் நின்றுதான் 1964இல் உன் அம்மா எங்கள் வீட்டுக் கறவை மாட்டைத் தடவிக்கொடுத்துவிட்டு, ஊரை விட்டு டலா போகும் படகில் ஏறினார் என்பது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

கரை ஏன் வற்றும் நேரத்தில் இடிகிறது என்று சிறுவயதில் நீ கேட்டதற்குப் பூசாரித் தாத்தா கங்கையம்மனின் கோபம் என்றார். உண்மையில், நீர் ஏறி நிற்கும்போது அதுவே கரையைத் தாங்கிப் பிடிக்கிறது. இரண்டு பக்கமிருந்தும் கடலின் ஏற்றவற்றம் வந்து போகும் கால்வாய் அல்லவா, நீர் திடீரென்று இறங்கும்போது ஊறிப்போன வண்டல் மண்ணுக்குப் பிடிமானம் இல்லாமல் போய், அது தன் பாரத்தாலேயே சரிகிறது. ஆங்கிலேயர் 1880களில் இதை வெட்டியபோது, யாங்கோன் ஆற்றிலிருந்து ஐராவதியின் கிளையாற்றுக்கு 35 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு குறுக்கு வழி கிடைத்தால் போதும் என்றே எண்ணினார்கள். அந்த வழியில் டெல்டாவின் நெல் அன்று ரங்கோன் எனப்பட்ட யாங்கோனின் ஆலைகளுக்குப் போயிற்று. ஆனால் வெட்டிய அளவில் எந்தக் கால்வாயும் நிற்பதில்லை. படகுகளின் அலையும் ஏற்றவற்றமும் சேர்ந்து அது ஆண்டுதோறும் தன்னை அகலப்படுத்திக்கொள்கிறது, அந்த அகலம் முழுவதும் நம் ஊரிலிருந்தே எடுக்கப்படுகிறது. நாம் ஓடிப் பிடித்து விளையாடிய கரைப்பாதை இன்று நடுக்கால்வாயில் இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

உன் பேரன் தொலைபேசியில் என்னிடம் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். நம் ஊர் மலை மேல் இருக்கிறது என்று நீ அவனிடம் சொல்லியிருக்கிறாய். அவன் வரைபடத்தில் தேடிப் பார்த்துவிட்டு, “தாத்தா பொய் சொல்கிறார், அங்கே எல்லாம் சமவெளிதான்” என்கிறான். திருவண்ணாமலையைப் பார்த்த பிள்ளையிடம் நம் செம்மண் மேட்டை மலை என்று சொல்ல உனக்கு எப்படித் துணிவு வந்தது? இருந்தாலும் நான் உன் கட்சிதான். யாங்கோனிலிருந்து ஆற்றைக் கடந்து டலாவில் இறங்கி, தென்மேற்கே 24 கிலோமீட்டர் வரும் வழியில் கண்ணுக்கு எட்டிய வரை வயலும் வாய்க்காலும் தவிர வேறொன்றும் இல்லை. ஆண்டுக்கு 2,700 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிற, ஆடி ஆவணியில் வாசற்படிக்கே சாம்பான் படகு வருகிற நாட்டில், கால் நனையாமல் நடக்கலாம் என்ற அளவுக்கு நிலம் உயர்ந்தால் அதை மலை என்று அழைக்கக் குழந்தைகளுக்கு உரிமை உண்டு. ஷ்வேசண்டோ பயாவை, நம் ஊர்ப் பௌத்தக் கோவிலைக் கட்டியவர்கள் அந்த மேட்டைத்தான் தேடிப் பிடித்தார்கள். அதன் பொன் முடி மழை மூட்டத்திலும் வெகுதூரத்திலிருந்து தெரிவதற்குப் பாதிக் காரணம் அந்த மேடே. ஊரின் குயவர்களுக்கும் தொழில் கொடுத்தது நம் மண்தான். குயவர் பகுதியான ஓபோவில் இன்றும் ஒருவர் சக்கரத்தை உதைத்துச் சுழற்ற, மற்றொருவர் பானையை எழுப்புகிறார். வாங்குவோர் குறைந்துவிட்டார்கள், பிளாஸ்டிக் வாளி வந்தபின் தண்ணீர்ச் சாடிக்கு மதிப்பில்லை.

2008 மே மாதம் 2ஆம் தேதி இரவு நர்கீஸ் புயல் வந்தபோது அந்த மேட்டின் அருமையை நாங்கள் நேரில் கண்டோம். தெற்கே கொமூவிலும் குன்ஜங்கோனிலும் வயலூர்கள் நீரில் போயின. இங்கே கூரைகள் பறந்தன, மரங்கள் விழுந்தன, ஆனால் மேட்டில் இருந்தவர்களின் கால் தரையில் இருந்தது. என் மருமகளின் தாய்வீட்டார் குன்ஜங்கோன் பக்கத்தவர்கள் என்பது உனக்குத் தெரியும். அதைப் பற்றி இன்னும் எழுத முடியவில்லை.

ஊரில் எத்தனை பேர் என்பது பேரனின் அடுத்த கேள்வி. இதில்தான் நான் சில மாதங்களாக மூழ்கியிருக்கிறேன். 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் துவாந்தே வட்டத்துக்கு இரண்டு இலட்சத்து இருபத்தாறாயிரத்துக்குச் சற்று மேல் என்று வந்தது. பேரன் அதைப் பார்த்துவிட்டு ஊர் பெரிய நகரம் என்று நினைத்துவிட்டான். அது வட்டத்தின் கணக்கு, அவர்களில் மிகப் பெரும்பாலோர் வயலூர்களில் இருப்பவர்கள். சந்தையும் படகுத்துறையும் பயாவும் நம் தெருக்களும் சேர்ந்த ஊர் அதில் ஒரு சிறு பங்குதான் என்று அவனுக்கு எடுத்துச் சொல்.

அந்தக் கணக்கெடுப்புக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஓர் இளம் சயாமா, பள்ளி ஆசிரியை. வெள்ளைச் சட்டையும் பச்சை லோஞ்சியும் உடுத்து, கன்னத்தில் பூசிய தனாக்கா மரப்பட்டைச் சாந்து காயாமல், திண்ணையில் அமர்ந்து 41 கேள்விகளையும் பொறுமையாகக் கேட்டார். என்ன இனம் என்று கேட்டபோது தமிழர் என்றேன். 135 இனங்களின் பட்டியலைப் புரட்டினார், திரும்பவும் முதலிலிருந்து விரலை வைத்துப் பார்த்தார். அதில் நாம் இல்லை. “இந்தியர் என்று எழுதட்டுமா, தாத்தா?” என்று மிகுந்த தயக்கத்தோடு கேட்டார். அந்தப் பெண்மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் அப்பா பிறந்ததும் நான் பிறந்ததும் இதே மேட்டில். பென்சில் தாளின்மேல் நிற்க, நான் விடை சொல்வதற்காக அவர் காத்திருந்த அந்தச் சிறு நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. எழுதிக்கொள்ளம்மா என்றேன். இனவாரிக் கணக்கு முழுமையாக இன்றுவரை வெளியிடப்படவும் இல்லை. 2016இல் மதக் கணக்கு மட்டும் வந்தது, நாடு முழுவதும் இந்துக்கள் அரை விழுக்காடு என்றது. நம்மவர்களில் பௌத்தராகவும் கிறிஸ்தவராகவும் ஆனவர்களையும் நம் தெருக்கோடி முஸ்லிம் குடும்பங்களையும் அந்த அரை விழுக்காட்டில் எங்கே தேடுவது?

ஒரு காலத்தில் கணக்கு இருந்தது. 1931இல் பர்மா முழுவதும் இந்தியர் 10,17,825 பேர். ரங்கோனில் 4,00,415 பேர் வாழ, அவர்களில் 2,12,929 பேர் இந்தியர். அந்த எண்களைப் படிக்கும்போது கூலிக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு கப்பல் தளத்தில் சுருண்டு படுத்து வந்த உன் பாட்டனாரும் என் பாட்டனாரும் அதற்குள் எங்கோ இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். 1941இலும் எண்ணினார்கள், அந்தத் தாள்கள் போரில் அழிந்தன. 1950களில் எடுத்த கணக்கு அரைகுறையாக நின்றது. அடுத்த முழுக் கணக்கு 1973இல்தான் வந்தது. இடையில் என்ன நடந்தது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைகள் அரசுடைமையாயின, 1964 மே 17இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின, இலட்சக்கணக்கானோர் கப்பல் ஏறினார்கள், அடுத்த ஆண்டு தனியார் பள்ளிகளும் போயின. நம் தெரு பாதி காலியானதற்கு எந்தக் கணக்கெடுப்பிலும் ஒரு வரி கிடையாது. கணக்கு எடுக்காத ஆண்டுகளிலேயே நாம் குறைந்திருக்கிறோம், நண்பா. இதை நினைத்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை.

அதனால் ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கி நானே எண்ணத் தொடங்கினேன். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் ஒரு தெரு, அதற்கு மேல் முழங்கால் ஒத்துழைப்பதில்லை. தொடங்கிய இரண்டாம் நாளே சிக்கல் வந்தது. யாரைத் தமிழர் என்று எழுதுவது? அடையாள அட்டையில் பர்மியப் பெயர், அர்ச்சனைத் தட்டில் தமிழ்ப் பெயர் என்று இரண்டு பெயரோடு இருப்பவரைப் பற்றித் தயக்கமில்லை. தாய் கரேன் இனத்தவள், தகப்பன் தமிழன், மனைவி பர்மியப் பெண், பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது என்னும் வீட்டை என்ன செய்வது? பூசாரித் தாத்தாவின் பேரன், கோவில் வரி கொடுக்கும் வீடுகளை மட்டும் எழுதலாம் என்றான். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஏழைகள் விட்டுப்போவார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டு வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து ஒரு சிறுமி பர்மிய மொழியில் ஏதோ கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அந்த நீண்ட வாக்கியத்தின் நடுவில் ஒரே ஒரு தமிழ்ச் சொல் இருந்தது. ஆத்தா. பாட்டியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அன்றே முடிவு செய்துவிட்டேன்: ஆத்தா என்றோ அப்பத்தா என்றோ கூப்பிடும் குரல் கேட்கும் வீடு என் நோட்டில் உண்டு.

இந்த அளவுகோலை வைத்தே நம் தெருவில் இன்று ஒன்பது வீடுகள்தான் தேறின. அவற்றிலும் நான்கில் முதியவர்கள் மட்டும் இருக்கிறார்கள். இளையவர்கள் யாங்கோனின் லைந்தாயாவில் தையல் ஆலைக்கோ தாய்லாந்துக்கோ மலேசியாவுக்கோ போய்விட்டார்கள். என் பெரியவனும் அப்படித்தான் என்பதால் யாரையும் குறை சொல்லும் இடத்தில் நான் இல்லை. வயலை நம்பி இருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொரியக் கடனில் டலாவுக்குப் பாலம் என்ற பேச்சு எழுந்தது முதலே நில விலை ஏறி, வயல்கள் கைமாறிவிட்டன. ஆனால் போகிறவர்களின் பெயராவது எங்காவது இருக்க வேண்டாமா? கரை சரிந்த அன்று கால்வாயோடு போன மண்ணில் முன்பு எந்த எந்த வீடுகள் இருந்தன என்று ஓர் இளைஞன் கேட்டான். கூடியிருந்த அத்தனை பேரிலும் பதில் சொல்ல நான் ஒருவன்தான் இருந்தேன், எனக்கும் பாதிதான் நினைவிருந்தது.

ஆகவே நோட்டின் பின்பக்கத்தில் 1963ஆம் ஆண்டுத் தெருவை வரைந்து வருகிறேன். மேற்கு வரிசை முழுதும் எழுதிவிட்டேன். கிழக்கு வரிசை கரையோரம் இருந்தது, இப்போது அங்கே நீர்தான். நுனியில் கணக்குப்பிள்ளை மாமா வீடு, அடுத்து உங்கள் வீடு, அதற்கும் தென்னந்தோப்புக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வீடு. தகரக் கூரை, வாசலில் பெரிய சாடி, தாவணி போட்ட ஓர் அக்கா நமக்கு அவித்த கடலை கொடுப்பார். அந்தக் குடும்பம் உங்களுக்கு முன்பே கப்பல் ஏறிவிட்டது. அவர்கள் பெயர் எனக்கு எவ்வளவு முயன்றும் வரவில்லை. உன் அக்காவுக்கு நினைவிருக்கும், இன்றைக்கே கேட்டுப் பார். எத்தனை பேர் இருந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், இறங்கிய பிறகு எங்கே போனார்கள் என்று தெரிந்த அளவுக்கு எழுது. கட்டத்தைப் போட்டு, இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

உன் அன்புள்ள,
பெஞ்சில் உன் இடப்பக்கம் இருந்தவன்